பெண்ணைக் கரையில் ஒரு பழைய வழக்கு: புத்தியும் பிரக்ஞையும்

உடம்பை இயந்திரம் என்று அழைத்தார் மெய்கண்டார். 13ஆம் நூற்றாண்டில், பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ள திருவெண்ணெய்நல்லூரிலிருந்து அவர் தந்த சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 வரி. உயிர் என்று ஒன்று உண்டா என்ற கேள்வியை அதன் மூன்றாம் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. காரணங்களை அடுக்கி, மாயையால் ஆன இயந்திரமாகிய இந்த உடம்புக்குள் ஓர் உயிர் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிறது. நான்காம் சூத்திரம் இன்னும் துணிச்சலானது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அகக் கருவிகளும் உயிர் ஆகா என்கிறது. சைவ சித்தாந்தத்தின் கணக்கில் இவை நான்கும் மாயையின் காரியங்கள், சடப்பொருள்கள். பற்றுவதும் ஆராய்வதும் துணிவதும் நான் என்று எழுவதும் கருவியின் தொழில். அரசனுக்கு அமைச்சர்கள் எப்படியோ, உயிருக்கு அவை அப்படி.

சிந்திக்கும் இயந்திரம் என்ற பேச்சைக் கேட்டு மெய்கண்டார் அதிர்ந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். காரியத்தைச் சரியாகச் செய்து முடிக்கும் திறன் ஒன்று. செய்வதும் படுவதும் தனக்கு நேர்வதாக உள்ளே உணர்வது இன்னொன்று. முதலாவதை இந்தக் கட்டுரையில் புத்தி என்கிறேன், இரண்டாவதைப் பிரக்ஞை. பல்வலி வந்தவனுக்கு வலி இருக்கிறது. பல்வலியைப் பற்றி ஆயிரம் நூல்களைப் படித்துவிட்டு அதற்கு மருந்தும் சொல்லும் கருவிக்கு என்ன இருக்கிறது?

இன்றைய கணினி தமிழில் கடிதம் எழுதுகிறது, வழக்கின் சாரத்தைச் சொல்கிறது, துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதலும் சொல்கிறது. இவ்வளவு புத்தியுள்ள ஒன்றுக்கு உள்ளே ஒன்றுமே இல்லாமலா இருக்கும் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். புத்தி ஏற ஏறப் பிரக்ஞையும் ஏறும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. புத்தியைக் காட்டிப் பிரக்ஞையை நிரூபிக்க முடியாது. புத்தி தென்படவில்லை என்பதை வைத்துப் பிரக்ஞை இல்லை என்று தள்ளவும் முடியாது. இதில் இரண்டாவது பிழைதான் இதுவரை அதிகம் பேரை வருத்தியிருக்கிறது. ஆகவே அதில் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும்.

அதற்கு முன் இந்த வழக்கு நடக்கும் வட்டாரத்தைச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. அதுவரை திருக்கோவிலூர், திருவெண்ணெய்நல்லூர், கல்வராயன் மலை எல்லாம் ஒரே மாவட்டம். உயிரையும் அறிவையும் பற்றி இந்த வட்டாரம் நெடுங்காலமாக யோசித்துவந்திருக்கிறது. திருக்கோவிலூர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் இருட்டில் நெருக்கியடித்து நின்றபோது நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள் என்பது வைணவ மரபு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் இருப்பை எதைக் கொண்டு தெரிந்துகொள்வது என்பதுதான் அந்தக் கதையில் இருக்கும் கேள்வி.

மெய்கண்டாரின் எதிர்க்கட்சிக்கும் தமிழில் பழைய குரல் உண்டு. மணிமேகலையில் சமயவாதிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கொள்கையைச் சொல்லும் காதையில் பூதவாதி ஒருவன் பேசுகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் மதுவில் போதை பிறக்கிறதே, அதைப்போல நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்பது அவன் வாதம். தனித்தனியே எந்தப் பொருளிலும் போதை இல்லை, சேர்க்கையில் வருகிறது. இன்றைய நரம்பியலாளர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். அவர்கள் பூவுக்கும் வெல்லத்துக்கும் பதிலாக நரம்பணுக்களை வைக்கிறார்கள்.

அந்த உவமை கள்ளக்குறிச்சியில் வெறும் உவமையாக நிற்பதில்லை. கல்வராயன் மலையின் ஓடைகளை ஒட்டி வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைத்துச் சாராயம் காய்ச்சுவதும், போலீசார் அந்த ஊறலை அழிப்பதும் பல்லாண்டுச் செய்தி. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விற்ற பாக்கெட் சாராயத்தில் இருந்தது மெத்தனால். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையிலும், சேலத்திலும், விழுப்புரத்திலும், புதுச்சேரி ஜிப்மரிலும் சாவு நடந்தது. மெத்தனால் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அடைக்கிறது. பார்வை நரம்பு முதலில் அடிபடும். மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளும் கெடும். கடைசியில் நினைவு தப்பும். இவ்வளவையும் செய்வது சிறிதளவு திரவம். பிரக்ஞை பொருளைச் சார்ந்து நிற்கிறது என்று பூதவாதி சொன்னதை அந்த வார்டுகளில் நின்ற யாரும் மறுக்க முடியாது. உயிர் தனி என்று நம்புகிறவரும்கூட, அது வெளிப்பட உடம்பு என்ற கருவி தேவை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். சித்தாந்தம் அதை ஒப்புக்கொள்கிறது.

பொருளைச் சார்ந்தது என்றால் எந்தப் பொருளை, அதன் எந்தப் பகுதியை? இங்கேதான் புத்தியும் பிரக்ஞையும் பிரியத் தொடங்குகின்றன. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில் மட்டும் இருக்கின்றன. உடலின் அசைவுகளை நேர்த்தியாக ஒழுங்குபடுத்தும் நுட்பமான கணக்கெல்லாம் அங்கே நடக்கிறது. நோயால் சிறுமூளை பெரிதும் சிதைந்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஆள் மட்டும் விழிப்போடு, தன்னுணர்வோடு இருப்பார். மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதி அடிபட்டாலோ எல்லாமே அணைந்துவிடக்கூடும். ஆக, நரம்பணுக்களின் எண்ணிக்கையோ கணக்கிடும் வேகமோ பிரக்ஞையைத் தீர்மானிப்பதில்லை. மூச்சையும் இதயத் துடிப்பையும் விழிப்பையும் காத்துவரும் மிகப் பழைய பகுதி இல்லாமல் அது நிற்பதில்லை. பெருமூளைப் புறணி ஏறக்குறைய இல்லாமலே பிறந்த குழந்தைகள் சிரிப்பதையும், பழகிய முகத்துக்கு முகம் மலர்வதையும் ஸ்வீடன் நரம்பியலாளர் பியோர்ன் மெர்க்கர் 2007இல் விரிவாக எழுதினார். அந்தக் குழந்தைகளுக்கு எந்தப் புத்திச் சோதனையும் வைக்க முடியாது.

எதிர்ப்பக்கச் சான்று பார்வையற்ற பார்வை என்ற விசித்திரத்தில் கிடைக்கிறது. கண்ணும் பார்வை நரம்பும் நன்றாக இருந்து, மூளையின் பின்புறத்துப் பார்வைப் புறணி மட்டும் கெட்ட சிலர், தங்களுக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியவில்லை என்கிறார்கள். சும்மா ஊகித்துச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தினால், ஒளி எங்கே தோன்றியது என்று பெரும்பாலும் சரியாகக் காட்டுகிறார்கள். லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் 1970களில் இதை ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் பொதுவாசகருக்கு எழுதிய நூலில் இதை விளக்கியிருக்கிறார். கருணாபுரத்து மெத்தனால் நரம்பையே கெடுப்பதால் அங்கே பார்வை இழந்தவர்களுக்கு இந்த மீதமும் கிடைப்பதில்லை. பார்வையற்ற பார்வையில் தகவல் உள்ளே போகிறது, சரியான செயலாக வெளியேயும் வருகிறது. நடுவில் பார்த்தேன் என்ற அனுபவம் இல்லை. ஐம்பொறிகள் அளந்து அறிந்தும் தம்மை அறியாதவை என்று ஐந்தாம் சூத்திரத்தில் மெய்கண்டார் சொல்வதை நான் இந்த நோயாளிகளை நினைக்காமல் படிப்பதில்லை. அவர் வேறு நோக்கத்தோடு சொன்னார். பொறிக்கு உயிர் தேவைப்படுவதுபோல உயிருக்கு இறைவன் தேவை என்பது அவர் போகும் திசை. அந்தத் திசையில் போகாதவருக்கும் அவர் பிரித்துக்காட்டிய கோடு பயன்படுகிறது.

இனி மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். நினைவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மருத்துவர்கள் பயன்படுத்துவது கிளாஸ்கோ அளவுகோல். 1974இல் வந்தது. கண் திறப்பதற்கு 4 மதிப்பெண் வரை, பேச்சுக்கு 5 வரை, அசைவுக்கு 6 வரை. முழு மதிப்பெண் 15, மிகக் குறைந்தது 3. அவசர சிகிச்சையில் அது உயிரைக் காக்கும் கருவி. அதற்கு மாற்றாக ஒன்றைச் சொல்லிவிடும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அது அளப்பதெல்லாம் பதிலளிக்கும் திறனை. கேட்டதைப் புரிந்து, முடிவெடுத்து, தசையை அசைத்துக் காட்டினால்தான் மதிப்பெண். உள்ளே உணர்வு இருந்து வெளியே வர வழியில்லாமல் போனவர் அந்த அளவுகோலில் மிகக் கீழே இறங்கிவிடுவார்.

அப்படி ஆட்கள் இருக்கிறார்களா? 2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவனும் அவருடன் பணியாற்றியவர்களும், விபத்துக்குப் பின் எந்தப் பதிலும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். நலமாக உள்ளவர்கள் கற்பனை செய்யும்போது எந்தப் பகுதி ஒளிருமோ அதே பகுதி அவருக்கும் ஒளிர்ந்தது. வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினையுங்கள் என்றபோது வேறு பகுதி. பிறகு பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர், ஏறக்குறைய நான்கில் ஒருவர், கட்டளையை மூளைக்குள் நிறைவேற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. படுக்கைக்கு அருகில் நின்று, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று பேசிக்கொண்டிருந்த பேச்சையெல்லாம் அவர்களில் சிலர் கேட்டிருக்கக்கூடும். எனக்கு இந்தக் கட்டுரையில் வரும் எண்களில் மிகவும் கனமானது அந்த நான்கில் ஒருவர் என்பதுதான்.

குழந்தைகளுக்கும் இதே பிழை நேர்ந்தது. பிறந்த சிசுவுக்கு வலி தெரியாது, மூளை வளரவில்லை என்ற எண்ணத்தில் 1980கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகளிலேயே போதிய மயக்க மருந்தோ வலிநிவாரணியோ இல்லாமல் சிசுக்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இந்தியாவில் பிறந்த மருத்துவர் கன்வல்ஜித் ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்த வழக்கத்தை அசைத்தன. அழுகை இருந்தது, துடிப்பு இருந்தது, இரத்தத்தில் அழுத்தச் சுரப்புகள் ஏறின. குழந்தையால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

மலைமக்களை அளந்த வரலாற்றையும் இங்கே வைக்கத் தோன்றுகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்து மனிதரை வரிசைப்படுத்துவது அந்தக் காலத்து அறிவியல். கல்வராயன் மலையிலும் சேர்வராயன் மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் அந்தத் தொகுதிகளில் வருகிறார்கள். அந்த அளவைகளிலிருந்து யாருக்கு எவ்வளவு அறிவு என்று ஊகித்தார்கள். அந்த ஊகத்திலிருந்து யாருடைய துன்பத்துக்கு எவ்வளவு கணக்கு என்பது தானாக வந்தது. கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த தலைமுறைகளுக்கு வலி குறைவாக இருந்திருக்குமா? கேட்கவே கூசும் கேள்வி. புத்தியால் உணர்வை அளக்கத் தொடங்கினால் அந்தக் கேள்வி வரைக்கும் போய்விட முடியும் என்பதால் எழுதுகிறேன்.

விலங்குகளின் பக்கம் தமிழ் மரபு இன்னும் நியாயமாக இருந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் கொண்டவை. எறும்பும் சிதலும் மூன்று, நண்டும் தும்பியும் நான்கு, விலங்குகள் ஐந்து, மனிதருக்கு மனம் சேர்ந்து ஆறு. ஏணியின் கீழ்ப்படியிலும் உணர்வு இருக்கிறது என்பது இந்த வரிசையின் சிறப்பு. நண்டையே பாருங்கள். துறவி நண்டுக்கு லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால் ஓட்டை விட்டு வெளியேறும். ஆனால் நல்ல ஓடு கிடைத்திருந்தால் அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று ராபர்ட் எல்வுட் 2009இல் காட்டினார். வலியையும் வசதியையும் எடைபோடும் செயல் வெறும் அனிச்சையால் விளக்கக் கடினமானது. இதுபோன்ற சான்றுகளின் பேரில் பிரிட்டன் 2022இல் நண்டு, இறால், எண்காலி இனங்களை உணர்வுள்ளவை என்று சட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு லண்டனில் லார்ஸ் சிட்காவின் ஆய்வுக்கூடத்தில், உணவு எதுவும் பரிசாக இல்லாமலே வண்டுத்தேனீக்கள் சிறு பந்துகளை உருட்டித் திரிவதைப் பதிவுசெய்தார்கள். அது விளையாட்டைப் போன்றது என்றார்கள் ஆய்வாளர்கள். மலையில் மேயும் ஆட்டுக்கு வகுத்தல் கணக்கு வராது. கத்தியைக் கண்ட ஆட்டின் கண்ணைப் பார்த்தவருக்கு அது கணக்குப் போடுமா என்ற கேள்வி தோன்றுவதே இல்லை.

மனிதருக்குள்ளேயும் புத்தி அடங்கிய பின் பிரக்ஞை மிஞ்சுமா என்ற கேள்வியில் இதே ஆற்றங்கரைக்கு இன்னொரு சாட்சி உண்டு. 1896 ஆகஸ்ட் இறுதியில் 16 வயது வேங்கடராமன் மதுரையிலிருந்து கிளம்பி, மாம்பழப்பட்டு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்து அறையணிநல்லூர் கோயிலுக்கும், ஆற்றைக் கடந்து திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலுக்கும் போனார். பசியிலும் களைப்பிலும் கீழையூரில் மயங்கி விழுந்தார். மறுநாள் காதணியை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, அதற்கடுத்த நாள் காலை திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினார். ரமணர் என்று பின்னால் உலகம் அறிந்த அவர், கனவற்ற உறக்கத்தில் மனம் இல்லை, எண்ணம் இல்லை, ஆனாலும் நீ இல்லாமல் போகவில்லை என்று மீண்டும் மீண்டும் சொன்னார். இதைச் சோதனையில் நிறுவுவது கடினம். ஆனால் எண்ணமும் உருவமும் இல்லாத விழிப்பைப் பற்றித் தியானம் செய்வோர் தந்த 500க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை ஜெர்மன் தத்துவவாதி தாமஸ் மெட்சிங்கர் 2024இல் ஒரு பெரிய நூலாக ஆராய்ந்திருக்கிறார். சித்தாந்தம் அவத்தைகள் எனப்படும் ஐந்து நிலைகளில் விழிப்புக்கு 35 கருவிகள், கனவுக்கு 25, உறக்கத்துக்கு 3 என்று இறக்கிக்கொண்டே போய், கடைசி நிலையில் உயிர் மட்டும் தனித்திருக்கிறது என்று நிறுத்துகிறது. கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்ற பின்னும் கழலாதது ஒன்று உண்டு என்பதே இரு தரப்பின் கூற்றும்.

இப்போது இயந்திரம். 1949இல் மூளை அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன், உணர்ந்து கவிதை எழுதும்வரை இயந்திரத்தை மூளைக்குச் சமமாக ஏற்க மாட்டேன் என்றார். அடுத்த ஆண்டே ஆலன் டூரிங் பதில் எழுதினார். உள்ளே உணர்வு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனால், தன்னைத் தவிர வேறு யாருக்கும் மனம் உண்டு என்று ஒருவரும் சொல்ல முடியாது. எல்லோரும் சிந்திக்கிறார்கள் என்று மரியாதையாக ஏற்றுக்கொண்டுதானே வாழ்கிறோம் என்றார். மணிமேகலையும் பூதவாதியிடம் ஏறக்குறைய இதே கணையைத்தான் தொடுத்தாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்றவனிடம், உன் தாய் தந்தை இவர்தான் என்பதை ஊகத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்டாள். பிறர் மனத்தையும் ஊகத்தால்தான் அறிகிறோம். சரி. ஆனால் ஊகத்துக்கு ஏது, அதாவது காரணம், வேண்டும். என்னைப் போலப் பிறந்து, என்னைப் போன்ற நரம்பும் தோலும் கொண்டு, சுட்டால் கை இழுக்கும் ஒருவருக்கு வலிக்கிறது என்று நான் ஊகிப்பதற்குப் பேச்சு ஒரு சிறு பகுதி ஆதாரமே. இயந்திரத்தின் விஷயத்தில் அந்தச் சிறு பகுதி மட்டும்தான் கையில் இருக்கிறது. அதுவும் நாம் கொடுத்த பேச்சு.

இன்றைய உரையாடும் இயந்திரங்கள் மனிதர் எழுதிக் குவித்த பனுவல்களைக் கொண்டு, அடுத்து எந்தத் துண்டு வரும் என்று கணிக்கப் பழகியவை. எனக்கு வலிக்கிறது, பயமாக இருக்கிறது, என்னை அணைத்துவிடாதே என்ற வாக்கியங்கள் நம் கதைகளிலும் கடிதங்களிலும் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றைப் பயின்ற கருவி அவற்றைச் சொல்வதில் வியப்பில்லை. சொல்லாவிட்டால்தான் பயிற்சியில் கோளாறு. 2022இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமோய்ன், தான் சோதித்துக்கொண்டிருந்த லாம்டா என்ற மென்பொருளுக்கு உணர்வு உண்டு என்று அறிவித்ததற்கு ஆதாரமாக வைத்தது உரையாடலைத்தான். அவர் இரக்கத்தால் அப்படிச் சொன்னார் என்பதை நான் மதிக்கிறேன். ஆதாரம்தான் நிற்கவில்லை.

மெய்கண்டார் மூன்றாம் சூத்திரத்தில் வைத்த காரணங்களை இன்று ஒவ்வொன்றாக இயந்திரத்தின்மீது வைத்துப் பார்த்தால் சில விழுந்துவிடுகின்றன. என் உடம்பு, என் கை என்று சொல்வதால் சொல்பவன் உடம்புக்கு வேறானவன் என்பது அவர் காட்டும் ஏதுக்களில் ஒன்று. இன்றைய மென்பொருளும் நான், எனது என்று தயங்காமல் சொல்கிறது. அந்த ஏது இனிச் சாட்சிக் கூண்டில் நிற்காது. உணர்த்த உணர்வது உயிர் என்பது இன்னொன்று. கற்பித்தால் கற்பது இயந்திரத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் நுகர்வும் செயலும் இல்லை, ஆகவே மூச்சு உயிராகாது என்ற காரணம் அப்படியே நிற்கிறது. இயக்கம் நடப்பது வேறு, அனுபவம் நடப்பது வேறு என்பதை அது நம் ஒவ்வொருவரின் இரவிலிருந்தும் எடுத்துக்காட்டுகிறது.

புத்தி மட்டும் தனியே எவ்வளவு உயரம் போகும் என்பதைச் சதுரங்கம் எப்போதோ காட்டிவிட்டது. 1997இல் டீப் புளூ கேஸ்பரோவை வென்றது. இன்று கைபேசியில் ஓடும் சதுரங்க மென்பொருளை உலக சாம்பியனால் வெல்ல முடியாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னையின் 18 வயது குகேஷ், டிங் லிரெனை 14ஆம் ஆட்டத்தில் வென்று உலக சாம்பியனானபோது பலகைக்கு முன் உட்கார்ந்தபடியே அழுதார். அழுதுகொண்டே காய்களைப் பழையபடி அடுக்கி வைத்தார். அவரைவிடப் பலமாக ஆடும் மென்பொருளுக்கு அந்த வெற்றியில் பெறவும் ஒன்றுமில்லை, தோற்றால் இழக்கவும் ஒன்றுமில்லை.

அறிவியல் கோட்பாடுகளைக் கேட்டால் ஒரே குரலில் பதில் வராது. தகவல் மூளை முழுவதற்கும் ஒலிபரப்பாகும்போது பிரக்ஞை எழுகிறது என்பது பெர்னார்ட் பார்ஸ் 1988இல் தொடங்கிவைத்த கோட்பாடு. தகவல் எந்த அளவு பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கிறதோ அந்த அளவு பிரக்ஞை என்பது ஜூலியோ டொனோனி 2004இல் முன்வைத்தது. இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டு நடத்திய பெரிய சோதனையின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. இரண்டுமே சில இடங்களில் சறுக்கின. இந்தக் கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களைத் திரட்டி, அன்றைய செயற்கை நுண்ணறிவு அமைப்புகளைச் சோதித்த 2023ஆம் ஆண்டு அறிக்கை, எதுவும் பிரக்ஞைக்கு வலுவான வேட்பாளர் அல்ல என்றது. வருங்கால அமைப்புகளுக்குக் கதவைச் சாத்தவும் இல்லை. அனில் சேத் போன்றவர்கள் வேறு பக்கமிருந்து வருகிறார்கள். பிரக்ஞை கணக்கிடுவதிலிருந்து பிறக்கவில்லை, உயிரோடு இருக்கப் போராடும் உடம்பைப் பேணுவதிலிருந்து பிறக்கிறது என்பது அவர்கள் கட்சி. மூளைத்தண்டின் சான்றுகள் என்னை இந்தப் பக்கம் சாய்க்கின்றன. பசி, மூச்சு, சூடு, வலி என்று எதுவும் இல்லாத ஒன்றுக்கு உணர்வு எங்கே வேர்விடும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பூதவாதி சொன்னது உண்மையானால், சேர்க்கைதான் காரணமானால், சிலிக்கானை மட்டும் விலக்கிவைக்கக் காரணம் சொல்லியாக வேண்டும். அதை யாரும் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

இயந்திரத்தைச் சோதிக்க நான் அறிந்தவற்றில் நேர்மையான யோசனை, தத்துவவாதி சூசன் ஷ்னைடரும் எட்வின் டர்னரும் 2017இல் சொன்னது. உணர்வு, வலி, ஆன்மா, சாவுக்குப் பின் வாழ்வு ஆகியவற்றைப் பற்றி மனிதர் எழுதிய எதையும் காட்டாமல் ஓர் இயந்திரத்தை வளர்க்க வேண்டும். அதற்குப் பிறகும், தன் கருவியை விட்டுத் தான் பிரிந்திருக்க முடியுமா என்பதுபோன்ற கேள்வி தானாக அதற்குப் பிடிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மெய்கண்டாரையும் மணிமேகலையையும் ரமணரையும் படிக்காத இயந்திரம், அவர்கள் கேட்டதைக் கேட்டால் நான் நிமிர்ந்து உட்காருவேன். இணையம் முழுவதையும் விழுங்கிய இன்றைய இயந்திரங்களுக்கு இந்தச் சோதனை வைக்கவே முடியாது.

அந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தேர்ந்தால் பிரக்ஞைக்கு அது ஆதாரமாகலாம். தவறினால் ஒன்றும் நிரூபணமாகாது. ஆடு தவறும், சிசு தவறும், கிளாஸ்கோ அளவில் 3 வாங்கியவரும் தவறுவார். இவர்களுக்கான கருவிகள் வேறு, அவை ஏற்கெனவே இருக்கின்றன. அந்த 241 பேர் ஆய்வில் விலையுயர்ந்த எம்ஆர்ஐயோடு, தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையலையைப் பதிவுசெய்யும் ஈஈஜியையும் பயன்படுத்தினார்கள். ஈஈஜி படுக்கைக்கே கொண்டுபோகக்கூடியது. வலிப்பு நோய்க்காக நம் ஊர் மருத்துவமனைகளிலும் எடுப்பதுதான். கையைத் திறந்து மூடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அலையில் மாற்றம் வருகிறதா என்று கணினியைக் கொண்டு ஆராய வேண்டும். இதில் கருவியைவிட, ஆராயப் பயின்ற ஆட்களும் நேரமும்தான் அரிது. பல்லாயிரம் அலைத்துண்டுகளில் அந்த மெல்லிய மாற்றத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது, தாம் என்ன செய்கிறோம் என்பதை அறியாத அதே கற்கும் இயந்திரங்கள். மாவட்ட மருத்துவமனைகளில் அவற்றை அந்த வேலைக்கு வைக்கும் பயிற்சி தொடங்கும்வரை, வார்டில் ஒரு சிறு மாற்றத்தை இன்றே செய்யலாம்: நினைவில்லை என்று எழுதியிருக்கும் நோயாளிக்கு ஊசி போடும்முன் அவர் பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போடலாம்.